வழிச்செலவு

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, இலக்கியம் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை என்றே முதலில் மறுத்தேன். நான் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் எழுதி வந்திருப்பவை கோப்புக் குறிப்புகளும் நினைவூட்டுக் கடிதங்களுமே. “உமக்குத் தெரிந்ததை எழுதும்; அது போதும்” என்றார் சங்கச் செயலாளர். எனக்கு நன்கு தெரிந்தவை இரண்டு. ஒன்று, பங்காருபேட்டை இரயில் நிலையத்தின் விடியற்காலை. மற்றொன்று, கால்பந்தாட்டம். ஆடத் தெரியாது, பார்க்கத் தெரியும். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்ட ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

பங்காருபேட்டை, பவுரிங்பேட்டை என்று துரை ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்த ஊர். தங்கவயலுக்குப் பிரியும் கிளைப்பாதை இங்கிருந்துதான் மாரிகுப்பம் வரை செல்கின்றது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்த நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளுடன் வண்டி மாறி ஏறியது இந்த நிலையத்தில்தான். என் பாட்டனாரும் அவ்வாறு வந்தவரே. தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே செல்லும் குழியில் இறங்கி உழைத்தவர். சுரங்கங்கள் 28 பிப்ரவரி 2001 அன்று மூடப்பட்டன. அதன்பின் தங்கவயல் மக்கள் பூமிக்குள் இறங்குவதை விட்டுப் பெங்களூருக்கு ஏறும் வண்டிகளில் ஏறலாயினர். டேக்கல், மாலூர், தேவனகொந்தி, வொயிட்ஃபீல்ட், கிருஷ்ணராஜபுரம் என்று நிற்குமிடமெல்லாம் ஆளை இறக்கிக்கொண்டு போகும் அந்த வண்டியில்தான் எங்கள் ஊரின் பாதி வாழ்க்கை கழிகின்றது. தையல் ஆலைக்குப் போகும் பெண்கள், காவல் வேலைக்குப் போகும் முதியவர்கள், கணிப்பொறி படித்த பிள்ளைகள், என்னைப் போன்ற எழுத்தர்கள் ஆகிய அனைவரும் அவரவர் பெட்டியில், அவரவர் இடத்தில், உறங்கிக்கொண்டே செல்வோம். என் இளவலும் அதே வண்டியில் வருவான். வொயிட்ஃபீல்டில் ஒரு கிடங்கில் அவனுக்கு வேலை.

17 பிப்ரவரி 2023, வெள்ளிக்கிழமை. மறுநாள் சிவராத்திரி என்பதால் வண்டியில் கூட்டம் மிகுதி. எதிர் இருக்கைக்காரர் வைத்திருந்த செய்தித்தாளைத் தம்பி வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தான். விளையாட்டுப் பக்கத்தில் ஒரு முதியவரின் படம். முந்திய நாள் கல்கத்தாவில் காலமான துளசிதாஸ் பலராம் என்னும் கால்பந்து வீரரைப் பற்றிய செய்தி அது. “அண்ணா, இவர் நம்ம ஆளு போல இருக்கே” என்றான். நான் எட்டிப் பார்த்தேன். செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்று போட்டிருந்தது. அவன் தொடர்ந்து படித்தான். படித்துக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நின்றான். பிறகு தாளை நான்காக மடித்து உரியவரிடம் கொடுத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வொயிட்ஃபீல்ட் வரும் வரையில் அவன் பேசவில்லை. இறங்கும்போது வழக்கமாகச் சொல்லும் “வரேண்ணா” என்பதையும் சொல்லவில்லை.

அவன் போன பின் நான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அவன் நின்ற இடம் எது என்று தேடினேன். தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது எதுவென்று சொல்லுமுன் பலராம் யார் என்று கூறிவிட வேண்டும். ஏனெனில் நம் பிள்ளைகளுள் பலர் அப்பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

செகந்திராபாத் படைப்பாளையத்தை ஒட்டி அம்முகுடா என்றொரு சிற்றூர் உண்டு. ஆங்கிலேயர் காலத்துப் பட்டாளத்தைத் தொடர்ந்து அங்கே குடியேறிய தமிழர் பலர். சுரங்கத்தைத் தொடர்ந்து நாம் இங்கு வந்ததைப் போலத்தான். அத்தகைய எளிய குடும்பம் ஒன்றில், முத்தம்மா என்னும் தாய்க்கு 1936-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்தவர் பலராம். தெருவிலும் வெட்டவெளியிலும் வெறுங்காலால் பந்தாடியே வளர்ந்தார். பூட்ஸ் வாங்க வசதியில்லை. காவலர்கள் தேய்த்துக் கழித்துவிட்ட பழைய பூட்ஸின் தோலைக் கொண்டு, சக்கிலியத் தொழிலாளி ஒருவரிடம் தமக்கு ஒரு சோடிக் கால்பந்துக் காலணி தைத்துக்கொண்டாராம். உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களுக்கு எதிரே பின்னாளில் ஓடப்போகும் கால்களுக்கு முதலில் வாய்த்த அணிகலன் அதுதான்.

அந்நாளில் ஐதராபாத் இந்தியக் கால்பந்தின் தலைநகர்களுள் ஒன்று. அந்நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்ற அணி. அதன் பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீம். இவர் பள்ளி ஆசிரியர். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஆட்டத்தைப் பாடமாக நடத்தியவர் என்றால் மிகையாகாது. பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்கவேண்டும் என்ற விதியோடும், பந்தைத் தானே உருட்டிக்கொண்டு ஓடாமல் உடனே பிறருக்குத் தந்துவிட வேண்டும் என்ற விதியோடும் அவர் இளைஞர்களுக்குப் போட்டிகள் நடத்தினார். இடக்கை எழுத்தைத் திருத்தும் ஆசிரியரைக் கண்டிருக்கிறோம். இடக்காலை வளர்த்த ஆசிரியர் இவர்.

செகந்திராபாத்தில் உள்ளூர் ஆட்டம் ஒன்றில் ஆடிய பலராம், ரகீம் அவர்களின் கண்ணில் பட்டார். ஐதராபாத் மாநில அணிக்கான தேர்வு ஆட்டங்களுக்கு வருமாறு ரகீம் அழைத்தார். பிற ஊர்ப் பிள்ளையாயிருந்தால் துள்ளிக் குதித்திருப்பான். பலராமோ வர இயலாது என்றார். காரணம் பெரிதொன்றும் இல்லை. அம்முகுடாவிலிருந்து ஐதராபாத் மைதானத்துக்கு நாள்தோறும் போய்வரக் கையில் காசு இல்லை. அவ்வளவுதான்.

ரகீம் அறிவுரை ஏதும் கூறவில்லை. சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வருமாறு, நாளொன்றுக்கு ஒரு ரூபாய் தந்தார்.

தம்பி நின்ற இடம் இதுதான்.

பலராமின் கதையை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன். வாடகைச் சைக்கிளில் வந்த அந்த இளைஞர் தேர்வில் தேறினார். 1956-57 பருவத்தில் ஐதராபாத் பம்பாயை இறுதியாட்டத்தில் வென்று சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த அணியில் பலராம் இருந்தார். அதே 1956-ஆம் ஆண்டின் இறுதியில் மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. அவ்வணியின் பயிற்சியாளரும் ரகீம்தான்.

மெல்போர்னைப் பற்றி ஒரு சொல். இந்தியக் கால்பந்து அதற்கு முன்னும் பின்னும் ஒலிம்பிக்கில் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என்று வீழ்த்தினோம். நெவில் டிசூசா மூன்று கோல். நான்காவது, கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி அடித்தது. நம் மைசூர் மாநிலத்துக் கெம்பையாவும், செகந்திராபாத் மைதானங்களில் வளர்ந்து வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்த நெடிய கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜும் அந்த அணியினர். இப்பெயர்களை நான் உரக்கச் சொல்லிப் பார்ப்பதுண்டு. நம் தெருவில் யாரையோ கூப்பிடுவது போல் இருக்கும். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் தோற்றோம். பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றோம். காவலர் பூட்ஸ் தோலில் தைத்த காலணியிலிருந்து ஒலிம்பிக் அரையிறுதி வரை அந்தப் பையன் வந்த வேகத்தை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பே மேலிடுகின்றது.

1957-இல் அவர் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணிக்குச் சென்றார். மற்றவை பலரும் அறிந்தவை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அங்கேரிக்கு எதிராக இந்தியா பெற்ற ஒரே கோல் இவருடையது. ஃப்ளோரியான் ஆல்பெர்ட் போன்றோர் ஆடிய, பின்னர் வெண்கலம் வென்ற அங்கேரி அணி அது. ஒன்றுக்கு இரண்டு என்றுதான் நம்மை வெல்ல முடிந்தது. பெருவுக்கு எதிராகவும் இவரே கோல் போட்டார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்னும் மூவரே முன்வரிசையின் மூன்று தூண்கள். அர்ஜுனா விருதும் அவ்வாண்டே வந்தது. அடுத்த ஆண்டே நுரையீரல் நோயால் ஆட்டத்தை விட நேர்ந்தது. இருபத்தேழு வயதுகூட நிறையவில்லை. ரகீம் அவர்களும் 1963 ஜூன் மாதம் புற்றுநோயால் மறைந்தார். ஒரு ரூபாய் தந்தவரும் பெற்றவரும் ஒரே ஆண்டில் மைதானத்தை விட்டு நீங்கினர்.

இனி என் கதை.

2002-ஆம் ஆண்டு பணியாளர் தேர்வில் தேறி நான் வேலையில் சேர்ந்தேன். சுரங்கம் மூடி ஓராண்டு ஆகியிருந்தது. தந்தையார் கையில் கிடைத்த தொகை தங்கையின் திருமணத்துக்கும் அவருடைய இருமலுக்கும் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் மாதச் சம்பளம் என்று வந்தது என்னுடையது ஒன்றே. தம்பிக்கு அப்போது பதினேழு வயது. தங்கவயலில் பந்தாடாத பிள்ளை இல்லை; ஆனால் இவன் ஆடினால் லைன் வீடுகளிலிருந்து கிழவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மைதானத்து ஓரத்தில் போட்டு உட்காருவார்கள். சயனைடு மேட்டின் அடிவாரத்தில், புல் முளைக்காத அந்த வெளியில், இரண்டு பேரை ஒரே அசைவில் ஏமாற்றிவிட்டு அவன் நிற்கும் நிலை இருக்கிறதே, அதை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை.

பெங்களூரில் ஒரு நிறுவன அணி இளைஞர்களைத் தேர்ந்தெடுக்க முகாம் நடத்துவதாகச் செய்தி வந்தது. பத்து நாள் போய்வர வேண்டும். இரயில் கட்டணம், அங்கிருந்து பேருந்து, வயிற்றுக்கு ஏதேனும், எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது ரூபாய் ஆகும் என்று கணக்கை ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினான். வரிசையாக எழுதிக் கூட்டலும் போட்டிருந்தான். அந்தத் தாளை நான் அலுவலகக் கோப்பைப் பார்ப்பது போலப் பார்த்தேன். “பந்து சோறு போடுமாடா?” என்று கேட்டேன். சுரங்கமே சோறு போடாமல் போன ஊரில் கேட்கப்பட்ட கேள்வி என்று இன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. தட்டெழுத்துப் பயிலுமாறும், என்னைப் போல் தேர்வு எழுதுமாறும் கூறினேன். அவன் வாதாடவில்லை. தாளைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் அவனுடைய பூட்ஸ் பக்கத்து லைன் பையன் காலில் இருந்தது.

பணம் இல்லாமல் மறுத்தேனா என்றால், இல்லை. அந்த மாதம் நான் எனக்கென்று ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். அலுவலகம் செல்பவனுக்குக் கடிகாரம் தேவைதானே என்று நினைத்தேன். அதன் விலை நானூற்றுச் சில்லறை. இதனை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவன் முகாமுக்குப் போயிருந்தால் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பான் என்றோ, பலராமைப் போல் ஆகியிருப்பான் என்றோ நான் எழுதப்போவதில்லை. பத்தாம் நாள் “நீ போகலாம்” என்று அனுப்பியிருக்கவும் கூடும். அப்படி அனுப்பும் உரிமை அந்தப் பயிற்சியாளருக்கு இருந்தது, எனக்கு இருக்கவில்லை. அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் சொல்லியிருக்க வேண்டிய முடிவை, கூட்டல் கணக்கைப் பார்த்துவிட்டு நான் சொன்னேன்.

பி.ஏ. வகுப்பில் எங்களுக்குத் தமிழாசிரியர் ஆற்றுப்படை நூல்களை விளக்கியது நினைவுக்கு வருகிறது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகளே. பரிசில் பெற்று மீள்பவன் எதிரே வரும் வறியவனிடம், இன்ன வழியே செல், இன்னவிடத்தில் இன்ன உணவு கிடைக்கும் என்று சொல்லி அனுப்பும் பாட்டுக்கு ஏன் இத்தனை சிறப்பு என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன், தன்னிடம் வந்த பொருநனை வெண்குதிரைகள் பூட்டிய தேரில் ஏற்றி, ஏழடி பின்சென்று வழியனுப்புகின்றான். தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண் பெற்றேன். செகந்திராபாத்துப் பிள்ளை ஒருவனுக்குச் சைக்கிள் வாடகை தந்த ஆசிரியரின் செய்தியைப் படித்த பிறகே அந்தத் தேரின் பொருள் எனக்குப் புரிந்தது. கொடை வேறு, வழிச்செலவு வேறு. கொடைக்குப் புகழ் உண்டு. வழிச்செலவை யாரும் கல்வெட்டில் பொறிப்பதில்லை.

2023 நவம்பரில் அலுவல் நிமித்தம் ஐதராபாத் செல்ல நேர்ந்தது. வேலை முடிந்த மாலையில் செகந்திராபாத்திலிருந்து உள்ளூர் வண்டி ஏறி அம்முகுடா நிலையத்தில் இறங்கினேன். சின்ன நிலையம். கேட்பாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அரைமணி நேரம் நடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் மூவர் சைக்கிளில் கடந்து சென்றனர். திரும்பி வந்துவிட்டேன். அங்கே சென்றதைத் தம்பியிடம் சொன்னேன். “ஹுசைன் சாகர் கரையோரமாத்தான் வந்திருப்பாரு இல்ல, சைக்கிள்ல?” என்று கேட்டான். அவனும் அந்த வழியை மனத்தில் போட்டுப் பார்த்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன். எங்களுக்குள் அதுபற்றி நடந்த பேச்சு அவ்வளவே.

என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. ஞாயிறுதோறும் காலையில் தம்பிதான் அவளை மைதானத்துக்கு அழைத்துச் செல்கிறான். அவள் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வரலாறெல்லாம் அறிந்து வைத்திருக்கிறாள். ஒருநாள் டுவைட் யார்க் என்பவரைப் பற்றிச் சொன்னாள். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான டொபேகோவில் பிறந்தவர். 1989-இல் ஆஸ்டன் வில்லா என்னும் இங்கிலாந்து அணி அங்கே சுற்றுப்பயணம் சென்றபோது, அதன் பயிற்சியாளர் கிரஹாம் டெய்லர் அந்தப் பதினேழு வயதுப் பையனைப் பார்த்து இங்கிலாந்துக்கு வரவழைத்தாராம். பத்தாண்டுகள் கழித்து, 1999-இல், மான்செஸ்டர் யுனைடெட் ஒரே பருவத்தில் மூன்று கோப்பைகளை வென்றபோது அதில் அவர் ஆடினார்; 2006-இல் உலகக் கோப்பையில் தம் சின்னஞ்சிறு நாட்டுக்குத் தலைமையும் தாங்கினார். டிரினிடாடு, டொபேகோ இரண்டும் சேர்ந்து ஒரே நாடு. அந்த டிரினிடாடுக்குத்தான் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்மவர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறினர் என்று நான் அவளுக்குச் சொன்னேன். “அவங்களுக்கும் டிக்கெட் யாரோ எடுத்துக் கொடுத்தாங்களா அப்பா?” என்று கேட்டாள். ஒப்பந்தக் கூலி முறையைப் பற்றி நீண்ட விளக்கம் ஒன்று தொடங்கினேன். அவள் நடுவிலேயே எழுந்து பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் பெங்களூரில் பெண்களுக்கான தேர்வு முகாம் ஒன்று அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரம். அவள் என்னிடம் கேட்குமுன் நானே சரி என்றேன். மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கேட்காத ஒன்றுக்கு நான் அனுமதி தந்து அவள் பார்த்ததில்லை.

முதல்நாள் காலை. இருள் இன்னும் விலகவில்லை. மாரிகுப்பத்திலிருந்து வரும் வண்டிக்காக நடைமேடையில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. தையல் ஆலைப் பெண்கள் இருவர் என் மகளின் நீளமான காலுறையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு எங்கே போகிறாள் என்று கேட்டு, தங்கள் பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தனர். நான் சீட்டு வாங்கப் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சாளரத்தை நோக்கிச் சென்றேன். அங்கே தம்பி வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு மாதச் சீட்டு உண்டு. வரிசையில் நிற்கத் தேவையே இல்லை.

“நான் வாங்கறேண்டா” என்றேன்.

“இருக்கட்டும்ணா” என்றான். திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்துச் சாளரத்துக்குள் நீட்டினான். சீட்டை வாங்கி, எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். பின்னர் நடைமேடைக்குப் போய், அவளைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, மண்டியிட்டு அவள் பூட்ஸ் கயிற்றை ஒருமுறை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினான். நான் கையிலிருந்த நோட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். வண்டி வந்தது.